கதவைச் சாத்திய பிறகு: வெளியே திரிந்த ஒரு கடுவன் பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்த நிகழ்வு ஆய்வு

பூனையை வீட்டுக்குள்ளேயே வைக்கலாமா, வெளியே விடலாமா என்று கேட்காத பூனைக்காரர் குறைவு. ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் சொல்லிவிடலாம்: தனியாக வெளியே விடாதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய வீட்டிலிருந்து, சில வாரம் கழித்து அதே பூனை வேறொரு நோயோடு வந்து நிற்பதைக் கால்நடை மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறோம். மணியின் கதை அப்படிப்பட்டது. குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களையும் பூனையின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

மணிக்கு மூன்று வயதிருக்கும். செம்பட்டை நிறக் கடுவன், கருத்தடை செய்யாதது. குட்டியில் வீட்டுக்கு வந்தது. வளர்ந்த பிறகு சாப்பிடவும் பகலில் தூங்கவும்தான் வீடு. மற்ற நேரமெல்லாம் வெளியே. இரண்டு மூன்று நாள் காணாமல் போய்த் திரும்பி வருவது வழக்கம் என்றார்கள். இந்த முறை வந்தபோது முகத்தின் இடது பக்கம் வீங்கியிருந்தது, சாப்பாட்டு வட்டில் பக்கமே போகவில்லை.

எடை 4.3 கிலோ. காய்ச்சல் 40.2 டிகிரி செல்சியஸ், பூனைக்கு 39.2 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். கன்னத்து முடியை மழித்ததும் இரண்டு சின்னப் பொருக்குகள் தெரிந்தன. இவ்வளவு வீக்கத்துக்கு இவ்வளவு சின்னக் காயமா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பூனைக் கடியின் குணமே அதுதான். கோரைப்பல் மெலிதாகவும் ஆழமாகவும் இறங்கும், தோல் சீக்கிரமே மேலே மூடிக்கொள்ளும், பல்லோடு உள்ளே போன பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் அடியில் பெருகிச் சில நாளில் சீழ் கட்டிவிடும். கடிபட்ட அன்று பூனை நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் வீட்டுக்காரர்களுக்குச் சண்டை நடந்ததே தெரிவதில்லை.

கடி எந்த இடத்தில் என்பதும் ஒரு தகவல். வால் அடியிலோ பின்னங்காலிலோ இருந்தால் அந்தப் பூனை ஓடும்போது கடி வாங்கியிருக்கிறது. முகத்திலும் முன்னங்காலிலும் இருந்தால் எதிர்த்து நின்றிருக்கிறது. மணிக்குக் கன்னத்தில் கடி, இரண்டு காது மடலிலும் பழைய கிழிசல், மூக்கின் மேல் ஆறிய கீறல்கள். சண்டை அதற்குப் புதிதில்லை.

மயக்கம் கொடுத்து, கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, உப்புநீரால் கழுவி, ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் கொடுத்தோம். சீழ்க்கட்டிக்கு வைத்தியம் இவ்வளவுதான், பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் இருந்தது. எஃப்இஎல்வி எனப்படும் பூனை ரத்தப்புற்று வைரஸ் இல்லை. எஃப்ஐவி பாசிட்டிவ். வேறு முறையில் செய்த இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது.

எஃப்ஐவி என்பது பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லக் குறைக்கும் வைரஸ். 1986இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் ஒரே இடத்தில் வளர்க்கப்பட்ட பூனைகளிடம் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் இதைக் கண்டறிந்தார்கள். மனிதர்களுக்கு வராது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் நக்கிக்கொடுப்பதாலும் பரவுவது அரிது. முக்கியமான வழி ஆழமான கடி. அதாவது, கடுவன்கள் போடும் சண்டை. இந்தச் சோதனை தேடுவது வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடியை. அது உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சந்தேகமான கடிக்குப் பிறகு நெகட்டிவ் வந்தால்கூட 60 நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வோம். மணிக்குக் கடிபட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையிலேயே பாசிட்டிவ். ஆக, இந்தச் சண்டையில் வந்த தொற்று இல்லை இது. முன்பே எங்கேயோ வாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை பூனைகளை மணி கடித்திருக்கும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

எஃப்ஐவி என்றதும் கருணைக்கொலை செய்துவிடலாமா என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. தேவையே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த வைரஸோடு பல வருடம், சில சமயம் சாதாரணப் பூனையின் ஆயுசு அளவுக்கே வாழும். ஈறு, பல், சிறுநீரகம், தோல் ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேசைக்கு இரண்டு பக்கமும்

பூனையோடு வந்தது மாமியாரும் மருமகளும். மணிக்கு வைரஸ் இருக்கிறது, இனி வெளியே விடுவது சரியில்லை என்று சொன்னதும் பெரியவர் முகம் வாடிவிட்டது.

"பூனைன்னா நாலு இடம் போயிட்டு வரத்தான் செய்யும் டாக்டர். அடைச்சு வெச்சா ஏங்கியே செத்துடும்."

மருமகளுக்கு வேறு பயம். இதற்கு முன் இருந்த பூனை வண்டியில் அடிபட்டு இறந்திருக்கிறது. "இன்னொரு தடவை ரோட்டிலிருந்து அள்ளிட்டு வர என்னால முடியாது அத்தை" என்றார்.

இருவரில் யாரையும் ஒதுக்கிவிட முடியாது. பெரியவர் சொன்னது பூனையின் இயல்பைப் பற்றியது. மருமகள் சொன்னது வெளியே இருக்கும் உலகத்தைப் பற்றியது. முதலில் வெளி உலகத்தைப் பார்ப்போம்.

வெளியே போகும் பூனை ஐந்து வருடம், வீட்டுப் பூனை பதினைந்து வருடம் என்று ஒரு கணக்கு எங்கும் சுற்றுகிறது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆளில்லாத தெருப்பூனைகளையும், ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கும் வளர்ப்புப் பூனைகளையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்லும் கணக்கு அது. ஆனால் ஆபத்து நிஜம். இங்கிலாந்தின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து வயதுக்குள் இறந்த பூனைகளுக்கு முதல் காரணமாக நின்றது அடிபட்ட காயம். இத்தனைக்கும் பூனை வெளியே போவதுதான் இயல்பு என்று பெரும்பாலானோர் நினைக்கும் நாடு அது.

"ரொம்ப தூரமெல்லாம் போகாது, பக்கத்துலதான் சுத்தும்" என்பது அடுத்து வரும் வாதம். அது உண்மையும்கூட. ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டிப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வாசலிலிருந்து அந்த 100 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான். மணியின் வீட்டைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் வண்டிகள் வேகமாகப் போகும் ஒரு சாலையும், குறைந்தது இன்னொரு சண்டைக்காரக் கடுவனும் இருந்தன.

பறவைகளைப் பற்றியும் பேச வேண்டும். பூனைக்காரர்கள் காது கொடுக்க விரும்பாத பகுதி இது. எனக்கு இதில் மனவருத்தம் உண்டு, ஏனென்றால் பூனை கவ்விக்கொண்டு வந்ததில் குற்றுயிராய்க் கிடக்கும் குருவியையும் அணிலையும் கொண்டுவருவது எங்களிடம்தான். "எங்க பூனை எப்பவாவது ஒண்ணு பிடிக்கும்" என்பார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமராவைக் கட்டிப் பார்த்தபோது, பிடித்த இரையில் 23 விழுக்காட்டைத்தான் அவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தன. மற்றதைத் தின்றுவிட்டன, அல்லது பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டன. நம் கண்ணில் படுவது கால் பங்குகூட இல்லை. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு ஆளில்லாப் பூனைகளுடையது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. வளர்ப்புப் பூனைமேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை, அதற்காக அதன் பங்கு இல்லை என்றும் ஆகாது.

இடத்துக்கு இடம் இதன் கனம் மாறும். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் வந்தபோது கூடவே பூனையும் வந்தது. சில வருடங்களுக்குள், வேறெங்கும் மிஞ்சியிராத, பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை இனம் அந்தத் தீவிலிருந்தும் அழிந்துபோனது. ஒரே பூனை எல்லாவற்றையும் கொன்றது என்று கதையாகச் சொல்வார்கள். தீவில் பெருகிவிட்ட பல பூனைகளின் வேலை அது. ஜெர்மனியின் வால்டார்ஃப் ஊரில் 2022இல் கொண்டைவானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் மாதங்களில் ஊரின் ஒரு பகுதிப் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் 2022 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். உங்கள் பகுதியில் தரையில் கூடு கட்டும் பறவை உண்டென்றால், அதன் இனப்பெருக்கக் காலத்தில் பூனையை வெளியே விடுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது என்பது என் கருத்து.

இந்த எல்லா வாதத்துக்கும் முன்னால், மணியின் விஷயத்தில் முடிவு செய்தது எஃப்ஐவிதான். அது வெளியே போனால் மற்றப் பூனைகளுக்கு ஆபத்து. மற்றப் பூனைகளின் கிருமிகள் மணிக்கு ஆபத்து. பெரியவரும் அதை ஒத்துக்கொண்டார். காயம் ஆறியதும் கருத்தடை அறுவை செய்தோம். வளர்ந்த கடுவன்களுக்குச் செய்தாலும் சுற்றுவதும் சண்டையும் பத்தில் ஒன்பது பூனைகளுக்குக் குறைந்துவிடும் என்பது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். படிப்படியாக எப்படி வீட்டுக்குள் பழக்குவது என்றும் எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாம் வருகை

வீட்டில் படிப்படியாக எதுவும் நடக்கவில்லை. அறுவை முடிந்து போன அன்றே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. அந்த வீட்டின் பயம் புரிகிறது. ஒரு பூனையை ஏற்கெனவே சாலையில் இழந்தவர்கள் அவர்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை மருமகள் மணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். காலையிலிருந்து லிட்டர் பாக்ஸுக்கு, அதாவது மலம், சிறுநீர் கழிக்க வைத்த மணல் பெட்டிக்கு, போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. உட்காரும், முக்கும், கத்தும், எழுந்துவிடும். மலச்சிக்கல் என்று நினைத்திருக்கிறார்கள். நிறைய வீடுகளில் இப்படித்தான் நினைப்பார்கள், ஏனென்றால் முக்கும் தோரணை பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். நல்லவேளை, குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு இருந்ததைப் பள்ளிவிட்டு வந்த பேத்தி பார்த்திருக்கிறாள்.

வயிற்றில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகி, உருண்டு, தொட்டாலே மணி முனகியது. மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நுனியில் மிகவும் குறுகலாக இருக்கும். வீக்கம், சளி, மணல் போன்ற படிகங்கள் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பு போட்டால் போதும். சிறுநீர் வெளியேறாமல் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். மணியின் பொட்டாசியம் 7.4 இருந்தது, 5.5ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். இதயத்தைக் காக்கக் கால்சியம், சிரை வழியாகத் திரவம், மயக்கம், பிறகு சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீட்டர். முதலில் வந்தது சிறுநீரே இல்லை, ரத்தம் கலந்த குழம்பு.

படம் எடுத்ததில் கல் இல்லை. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று சோதித்ததில் அதுவும் இல்லை. கல்லும் இல்லை, தொற்றும் இல்லை, ஆனால் சிறுநீர்ப்பை புண்ணாகிக் கிடக்கிறது. இளம் வயது, நடு வயதுப் பூனைகளிடம் சிறுநீர்ப்பைக் கோளாறில் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். எஃப்ஐசி, அதாவது காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்கிறோம். அமெரிக்காவின் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்து காட்டியது, இது சிறுநீர்ப்பையோடு மட்டும் நிற்கும் நோய் இல்லை என்பதுதான். மனஅழுத்தத்தை உடம்பு தாங்கமுடியாமல் போகும்போது சில பூனைகளுக்கு அது சிறுநீர்ப்பையில் வெடிக்கிறது. யாருக்கு அதிகம் வரும் என்ற பட்டியலைப் பாருங்கள்: ஆண், கருத்தடை ஆனது, எடை கூடியது, உலர் உணவு மட்டும் தின்பது, அசையாமல் இருப்பது, வீட்டுக்குள்ளேயே இருப்பது. மணி இப்போது அத்தனையிலும் பொருந்தியது. எடை 5.2 கிலோ ஆகியிருந்தது.

பெரியவர் சொன்ன ஏக்கம் இதுதான். அவருக்கு மருத்துவப் பெயர் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப மறுபடி வெளிய விட்டுடலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். வெளியே மணிக்கு இருந்த வேலையை எல்லாம் நாம் பிடுங்கிக்கொண்டோம், பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. அதைச் சரிசெய்யலாம் அம்மா, அப்புறம் பார்ப்போம் என்றேன்.

வீட்டைப் படித்தது

மணி கதீட்டரோடு எங்களிடம் இருந்த நாட்களில், வீட்டை மூலை முடுக்கெல்லாம் கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பூனையின் உயரத்திலிருந்து எடுக்கச் சொல்வது என் வழக்கம். மனிதர் உயரத்திலிருந்து எடுத்தால் சோபாவும் டிவியும்தான் தெரியும்.

லிட்டர் பாக்ஸ் ஒன்றே ஒன்று, மூடி போட்டது, வாசனை மணல் நிரப்பியது, வாஷிங் மெஷினுக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தது. மெஷின் சுழலும்போது அந்த மூலையே அதிரும். வெளியே காய்ந்த மண்ணில் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு குழி தோண்டிப் பழகிய பூனைக்கு, ஒரே வாசல் உள்ள, சென்ட் வாடையடிக்கும், உறுமும் பெட்டி. அதனால் முடிந்தவரை அடக்கி வைத்திருக்கும். அடக்க அடக்கச் சிறுநீர் கெட்டியாகும்.

உலர் உணவு கிண்ணம் நாள் முழுக்க நிரம்பியே இருந்தது. தண்ணீர் அதன் பக்கத்திலேயே. ஏறி உட்கார உயரமான இடம் எதுவும் இல்லை. அலமாரி மேல் ஏறினால் விரட்டியிருக்கிறார்கள். விளையாட்டுச் சாமானாக ஒரு பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு துண்டு வீடியோ. மாலை வெளிச்சத்தில் தரைவரை இறங்கும் கண்ணாடி ஜன்னல். வெளிப்பக்கம் படியில் ஒரு சாம்பல் நிறக் கடுவன் வந்து உட்கார்கிறது. கண்ணாடியை ஒட்டித் திரும்பி நின்று வாலை நிமிர்த்தி மூத்திரம் பீய்ச்சுகிறது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வீட்டுக்குள் முறைத்துப் பார்க்கிறது. இது தினமும் நடக்கும் என்று பேத்தி சொன்னாள். மணி அந்த நேரமெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்குமாம். வெளியே இருந்தபோது அதற்கு இரண்டு வழி இருந்தது: சண்டை போடலாம், இல்லை ஓடிவிடலாம். இப்போது எதிரி வாசலிலேயே குடியிருக்கிறான், இரண்டும் முடியாது. வீட்டுப் பூனைகளின் சிறுநீர்க் கோளாறை விசாரிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வேறு பூனை வருகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பூனைக்காரர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

மாற்றியவை

மருந்தால் இதற்குக் கிடைக்கும் பலன் குறைவு. வலி மருந்தும், குழாய் தளர்வதற்கான மருந்தும் கொஞ்ச நாளைக்கு. மற்றதெல்லாம் வீட்டில்தான் நடக்க வேண்டும். பஃபிங்டன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் இருந்த 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றிப் பத்து மாதம் கவனித்தார்கள். சிறுநீர்த் தொந்தரவு கணிசமாகக் குறைந்தது, கூடவே பயமும் பதற்றமும் குறைந்தன. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் இதைச் சாதித்தார்கள் என்பதைப் பெரியவரிடம் அழுத்திச் சொன்னேன்.

முதல் வேலை, அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒளி புகும், உருவம் தெரியாத ஸ்டிக்கர் ஒட்டியது. வெளிப்படியை நன்றாகக் கழுவி அந்த மூத்திர வாடையைப் போக்கியது. சாம்பல் கடுவன் சில நாள் வந்து பார்த்துவிட்டு வருவதைக் குறைத்துக்கொண்டது.

லிட்டர் பாக்ஸ் இரண்டானது: மூடி இல்லாதது, பெரியது, வாசனை இல்லாத மெல்லிய மணல், வீட்டின் வேறு வேறு மூலைகளில். பூனை எத்தனையோ அத்தனை கூட ஒன்று என்பதுதான் கணக்கு. நீளம் பூனையின் உடம்பைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். கடையில் விற்பதில் பாதி சின்னதாக இருக்கிறது, துணி வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியே மேல். இந்த மணல் என்ற பொருள் 1947இல் அமெரிக்காவில் எட் லோ என்பவர் களிமண் துகளை விற்க ஆரம்பித்த பிறகுதான் பரவியது. பூனையை முழுநேரம் வீட்டுக்குள் வைப்பது பெரும்பாலோருக்குச் சாத்தியமானதே அதற்குப் பிறகுதான்.

உணவை ஈர உணவுக்கு மாற்றி, அளந்து, சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்தோம். தண்ணீர் உணவிலிருந்து தள்ளி மூன்று இடத்தில். மீதி இருந்த உலர் உணவு துளை போட்ட உருண்டைக்குள் போனது. உருட்டினால் ஒன்றிரண்டு விழும்.

உயரம் கொடுப்பது பலரும் அலட்சியப்படுத்தும் விஷயம். மாடி ஜன்னலை ஒட்டி ஒரு பலகை அடித்தார்கள், ஏறிப்போக நடுவில் இரண்டு படி. அந்த ஜன்னலிலிருந்து மரம் தெரியும், தரை தெரியாது. மணி அங்கே ஏறி உட்கார்ந்த புகைப்படத்தை மறுநாளே அனுப்பியிருந்தார்கள்.

கடைசியாக, வேட்டை. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. பூனைக்கு உடம்பில் கடிகாரம் அதிகாலைக்கும் அந்திக்கும் வைத்திருக்கிறது. அந்த இரண்டு நேரமும் ஐந்து பத்து நிமிடம் தூண்டில் பொம்மையை வைத்து விளையாட வேண்டும், முடிவில் பொம்மையை அதன் பிடியில் விட்டுவிட வேண்டும், உடனே சாப்பாடு வைக்க வேண்டும். துரத்து, பிடி, தின், நக்கு, தூங்கு என்பது அதன் வரிசை. லேசர் வெளிச்சத்தை மட்டும் காட்டி ஓடவிட்டால் பிடி என்பதே கிடையாது, சில பூனைகள் அதிலேயே கடுப்பாகிவிடும். விளையாட்டின் பலனை வெளியே போகும் பூனைகளிடமும் அளந்திருக்கிறார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில் தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 25 விழுக்காடு குறைந்தது. இறைச்சிப் புரதம் நிறைந்த, தானியம் இல்லாத உணவு கொடுத்ததில் 36 விழுக்காடு. கழுத்தில் மணி கட்டியதில் பெரிய பலன் தெரியவில்லை.

தூண்டில் பொம்மையை அந்த வீட்டில் கையில் எடுத்தது பெரியவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொம்மையைக் கதவுக்குப் பின்னால் மெதுவாக இழுத்து, நிறுத்தி, நுனியை மட்டும் துடிக்கவிடுவார். ஆட்டி ஆட்டிக் காட்டுவதைவிட அப்படி ஒளித்து நிறுத்துவதுதான் பூனையைக் கிளப்பும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது, ஏனென்றால் பூனை வெளியே வேட்டையாடுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர்தான்.

ஹார்னஸ் போட்டு நடத்திப்போகலாம் என்று பேத்தி ஆசைப்பட்டாள். போட்டதும் மணி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது. பல நாள் பழக்கியும் அதே. சரி, விட்டுவிடுங்கள் என்றேன். எல்லாப் பூனைக்கும் அது ஒத்துவராது. அதற்குப் பதில் பால்கனியை வலை போட்டு மூடினார்கள். வலை அடிக்காமல் பால்கனியில் விடக் கூடாது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றிவிடும் என்பதை நம்பி உயிரோடு விளையாட வேண்டாம். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்று 1987இல் ஒரு கட்டுரை வந்தது. மருத்துவமனை வரை வந்தவற்றின் கணக்கு அது, விழுந்த இடத்திலேயே இறந்தவை அதில் இல்லை. வீட்டிலிருந்த லில்லிச் செடியையும் எடுக்கச் சொன்னேன். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. விடிகாலையில் கதவடியில் நின்று கத்தும். கத்தும்போது எழுந்து வந்து எதையும் செய்யாதீர்கள், கத்துவதற்கு முன்பே எழுந்து விளையாடிவிடுங்கள் என்று சொல்லியிருந்தோம். அது பிடிபடக் கொஞ்சம் நாளானது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓடப் பார்த்தது. கதவுக்கு எதிர்மூலையில் ட்ரீட் வைக்கப் பழக்கியதும் குறைந்தது. இரண்டாவது முறை அடைப்பு வரவில்லை. வீட்டுக்கு வண்ணம் அடித்த வாரம் மட்டும் சிறுநீரில் ரத்தம் தெரிந்தது. ஆள் நடமாட்டமும் வாடையும் இல்லாத ஓர் அறையில் அதன் சாமான்களோடு வைத்தார்கள், சில நாளில் சரியானது. எடை 4.8 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது.

எல்லாப் பூனைக்கும் இதுவே தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. குட்டியிலிருந்தே வீட்டுக்குள் வளர்ந்தது வெளியைத் தேடுவது குறைவு. அதை வெளியே பழக்க வேண்டிய அவசியமே இல்லை. மனிதக் கையே படாமல் வெளியே வளர்ந்த முழுக் காட்டுத்தனமான பூனையை வீட்டில் பூட்டுவது கொடுமை. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதன் இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. வாகனம் அதிகம் இல்லாத, பூனையால் ஆபத்துக்குள்ளாகும் பறவைக் கூடுகள் இல்லாத இடத்தில், கருத்தடை, ரேபிஸ் உட்பட எல்லாத் தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடித்த வயதான பூனை பகலில் சில மணி நேரம் வெளியே போய், இருட்டுவதற்குள் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது என்றால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆறேழு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை உள்ள பூனையை மட்டும் எந்தச் சாலை ஓரத்திலும் விடாதீர்கள். அடிபட்டு வருவதில் அந்த வயதுதான் அதிகம். கடுவனைக் கருத்தடை செய்யாமல் வெளியே விடுவதற்கு மட்டும் என்னிடம் எந்த விதிவிலக்கும் கிடையாது.

போன முறை வந்தபோது பேத்தி கேட்டாள், மணிக்குத் துணையாக இன்னொரு பூனை வாங்கலாமா என்று. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். எஃப்ஐவிக்காக அல்ல, சண்டை போடாத பூனைகளுக்கு இடையே அது பரவுவது அபூர்வம். கண்ணாடிக்கு வெளியே வந்த ஒரு பூனையே மணியின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது, இன்னொன்று வீட்டுக்குள்ளேயே வந்தால் என்னாகும் என்பதை ஒரு வருடமாவது தொந்தரவில்லாமல் ஓடிய பிறகுதான் யோசிக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், சிறுநீர், எடை பார்க்கிறோம். கீழ்க் கடைவாய்ப்பல் ஓரம் ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது. எஃப்ஐவி பூனைகளுக்கு அது சீக்கிரம் முற்றும், அதனால் அடுத்த வருகையில் மயக்கம் கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்ய நாள் குறித்திருக்கிறோம்.